அனுசுயா வண்டியின் பழுதுச் செலவு

கோயம்புத்தூரிலிருந்து வந்த எஸ்டிமேட்டில் ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரத்து நானூறு ரூபாய் என்று போட்டிருந்தது. வரி தனி. அதை வாங்கித் தேதி முத்திரை குத்திக் கோப்பில் சேர்த்தவன் நான். பெயர் ஜனார்தன். கரூர் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் ஆபீஸ் சூப்பிரண்டு. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டி வந்து போகிறேன். இருபத்தேழு வருஷத்தில் எத்தனையோ எஸ்டிமேட் பார்த்தாயிற்று. ஆனால் புல் வெட்டும் வண்டியின் கியர் பாக்ஸ் விலைக்கு என் ஸ்கூட்டரைப் போல இரண்டு வாங்கலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கையால் தள்ளுகிற மிஷின் இல்லை. ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே புல் வெட்டுவது. பார்க்கச் சின்ன டிராக்டர் மாதிரி இருக்கும், அடியில் பிளேடு சுற்றும். எங்கள் கல்லூரிக்கு இது எதற்கு என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் இனாமாக வந்தது. சித்தார்த்தன் என்று ஒரு பழைய மாணவர், அமெரிக்காவில் வசதியாக இருப்பவர், ஆறு வருஷத்துக்கு முன் கல்லூரியைப் பார்க்க வந்தார். மைதானத்தில் பத்துப் பெண்கள் குனிந்து அரிவாளால் புல் அறுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மனம் கலங்கினார். கலங்கிய கையோடு இந்த வண்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ஹாஸ்டல் தண்ணீரைச் சுத்தம் செய்து மைதானத்துக்குத்தான் விடுகிறோம், அதனால் திருச்சி வெயிலிலும் எங்கள் புல் வருஷம் முழுக்க வளரும். புல்லும் இருந்தது, வண்டியும் வந்தது. ஓட்டத்தான் ஆள் இல்லை.

ஓட்டக் கற்றுக்கொடுக்க கோயம்புத்தூர் டீலரின் ஆள் ஒருவர் வந்தார். தோட்டத்து மேஸ்திரி சின்னையன், இரண்டு பஸ் டிரைவர்கள், எலக்ட்ரீஷியன் என்று ஆறு ஆண்கள் வரிசையில் நின்றார்கள். வண்டியில் வலது கால் பக்கம் இரண்டு மிதி இருக்கும். ஒன்றை மிதித்தால் முன்னால் போகும், மற்றதை மிதித்தால் பின்னால் போகும். காலை எடுத்தால் நின்றுவிடும், அவ்வளவுதான். ஆனால் ஆறு பேருமே ஏற்கெனவே ஏதோ ஒரு வண்டி ஓட்டியவர்கள். இரண்டாவது மிதியை பிரேக் என்றே அவர்கள் கால் நம்பியது. நிற்க நினைத்தவர்கள் எல்லோரும் பின்னால் போனார்கள். சின்னையன் கோல் போஸ்ட்டில் போய் மோதினார். எலக்ட்ரீஷியன் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே குதித்துவிட்டார்.

அதே மைதானத்தின் ஓரத்தில் பெருக்கிக்கொண்டிருந்தவர் அனுசுயா. அப்போது வயது முப்பத்தைந்து. சைக்கிள்கூட ஓட்டியதில்லை. டீலரின் ஆள் எரிச்சலில், "ஏம்மா, நீங்க வந்து உக்காருங்க பாப்போம்" என்று சொல்லிவிட்டார். அவர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, புடவையைச் சொருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். முன்னால் போகச் சொன்னால் போனார், பின்னால் வரச் சொன்னால் வந்தார், நிறுத்தச் சொன்னால் காலை எடுத்தார். மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் அந்தக் காலுக்கு இல்லை. மைதானத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு, "வேற என்ன சார் பண்ணணும்?" என்று கேட்டார். அந்த நாளிலிருந்து ஆறு வருஷமாக வண்டி அவர் கையில்தான்.

அனுசுயாவுக்குச் சொந்த ஊர் வையம்பட்டிப் பக்கம். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி, நிலக்கடலையும் சோளமும். எட்டாவதோடு படிப்பு நின்றது. பிறகு களை எடுப்பு, கடலை பிடுங்கல், அடுத்தவர் வயலில் நடவு. வீரமலையைக் கல்யாணம் செய்துகொண்டு முக்கொம்புக்கு வந்தார். வீரமலை அங்கே பூங்கா வாசலில் டிக்கெட் கிழிக்கிறார். காதலர்கள் வந்தால் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட் கிழிக்கிற நல்ல மனிதர். ஒருவர் சம்பளம் போதாமல் அனுசுயா எங்கள் கல்லூரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார்.

ஒருமுறை சம்பளக் கவர் வாங்க வந்தபோது அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வெயிலில் அந்த வண்டியில் சுற்றுவது கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். அவர் சொன்னார்: "களை எடுத்தாலும் குனிவு, கடலை பிடுங்கினாலும் குனிவு, பெருக்கினாலும் குனிவு. துணி காயப் போடறப்பதான் சார் நான் நிமிந்திருப்பேன். எங்க அம்மாவுக்கு அறுபது வயசுதான் ஆகுது, இப்ப நடக்கிறப்பவே குனிஞ்சுதான் நடக்குது. தண்ணி குடிக்கணும்னாக்கூட ஒக்காந்துதான் குடிக்கும். இந்த வண்டில நான் நிமிந்து ஒக்காந்திருக்கேன் சார். வெயிலு எங்க போனாலும் வெயிலுதான்." இவ்வளவு நீளமாக அவர் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஆனால் கல்லூரி ரிகார்டில் அவர் இன்னும் துப்புரவுப் பணியாளர்தான். ஒன்பதாயிரத்து அறுநூறு சம்பளம், வண்டி ஓட்டும் நாளைக்கு நூறு ரூபாய் அலவன்ஸ். வண்டி ஓட்டுபவர் என்று பதவி தரக் கேட்டு இரண்டு முறை மனு கொடுத்தார். இரண்டு மனுவின் ஓரத்திலும் "அப்படியொரு பதவி இல்லை" என்று எழுதித் திருப்பியவன் நான். பொய் இல்லை, அப்படியொரு பதவி இல்லைதான்.

இனி ஆயுத பூஜை. எங்கள் நிர்வாக அதிகாரி சாரங்கபாணி சார், ஸ்ரீரங்கத்தில் கிழக்குச் சித்திரை வீதிக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தாளாளர் முன்னால் நிற்கும்போது குரல் இறங்கிவிடும், எங்கள் முன்னால் நிற்கும்போது ஏறிவிடும், இரண்டும் சேர்ந்து சரியாகிவிடும். பூஜை விஷயத்தில் மட்டும் ரொம்பக் கண்டிப்பு. முதல் நாள் சாயங்காலமே பஸ், லேத், ஜெராக்ஸ் மிஷின் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துவிட வேண்டும். அதற்கப்புறம் பூஜை முடிந்து மறுநாள்வரை எதையும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. ஆயுதத்துக்கு அன்று ஓய்வு.

பஸ்கள் எல்லாம் ஆபீஸ் வாசலில் வரிசையாக நின்றுவிட்டன. புல் வண்டியை மறந்துவிட்டோம். பூஜையன்று காலையில் சாரங்கபாணி சாருக்கு அது கண்ணில் உறுத்தியது. "என்ன ஜனார்தன், அந்தப் புல் வண்டி எங்கே?"

"மைதானத்து ஷெட்லயே நிக்கிறது சார். ஓட்டிண்டு வரச் சொல்லட்டுமா?"

"ஸ்டார்ட் பண்றதாவது. ஓய்வுல இருக்கறதை எழுப்பப்படாது. நம்ம பெருமாள் தேரே மனுஷா இழுத்துத்தானே வர்றது. இழுத்துண்டு வாங்கோ."

ஷெட்டிலிருந்து ஆபீஸ் வாசல் அரை கிலோமீட்டர். உடற்கல்வித் துறையிலிருந்து கயிறு இழுக்கும் போட்டிக் கயிற்றை எடுத்து வந்தார்கள். ஆட்களும் சேர்ந்துவிட்டார்கள். தேர் என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் ஆளுக்குப் பஞ்சம் வராது.

அனுசுயா அப்போது வாசலில் மற்றப் பெண்களோடு கோலம் போட்டுக்கொண்டிருந்தார். விஷயம் காதில் விழுந்ததும் மாவுக் கையோடு என்னிடம் வந்தார். "சார், வண்டிக்குப் பின்னாடி அடியில ஒரு கம்பி இருக்கும். அத வெளிய இழுத்து மாட்டி விட்டுட்டுத்தான் வண்டிய தள்ளணும், இழுக்கணும். இல்லன்னா உள்ள ஆயில் பூட்டிக்கும், கியர் பாக்ஸ் போயிரும். கோயம்புத்தூர்க்காரர் சொன்னது சார். கொஞ்சம் பாத்துச் சொல்லிருங்க."

"சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

நான் எலுமிச்சம்பழக் கணக்கில் இருந்தேன். சக்கரத்துக்கு ஒரு பழம். ஒன்பது பஸ். பின்பக்கம் ஜோடி டயருக்கு ஒரு பழம் போதும் என்றார் ஒரு டிரைவர், இரண்டு வேண்டும் என்றார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் ஆதரவாளர்கள் இருந்தார்கள். கடைசியில் ஒன்று போதும் என்று முடிவாகி, மீதிப் பழத்தை யார் வீட்டுக்கு எடுத்துப் போவது என்ற அடுத்த பிரச்சினை ஆரம்பித்தது. அது முடிந்தபோது கம்பி என் ஞாபகத்தில் இல்லை. சாக்கு சொல்லவில்லை, மறந்துவிட்டேன். மறந்ததோடு நிற்காமல் நானும் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

இருபத்து மூன்று பேர் இழுத்தோம். வண்டி சீட்டில் சரஸ்வதி படம் வைத்திருந்ததால் யாரும் உட்காரவில்லை. சின்னையன் கை பிரேக்கை எடுத்துவிட்டு, பக்கத்தில் நடந்தபடியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். வண்டி முதலில் அசையவில்லை. தேர் என்றால் அப்படித்தான் என்று எல்லோரும் இன்னும் பலமாக இழுத்தோம். பின்சக்கரம் கொஞ்ச தூரம் உருண்டது, கொஞ்ச தூரம் தரையில் தேய்ந்துகொண்டு வந்தது. நூலகத்துக்கு முன்னால் ரோடு சரிவு, அங்கே நல்ல வேகம் பிடித்தது. வண்டியின் அடியிலிருந்து ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. "பரவாயில்லையே, சங்கு ஊதறாப்ல இருக்கே" என்றார் சாரங்கபாணி சார். பூஜை நல்லபடியாக நடந்தது. சுண்டல் நன்றாக இருந்தது.

விஜயதசமி முடிந்து மறுநாள் அனுசுயா வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். பத்தடி போயிற்று. பிறகு முன் மிதியை மிதித்தால் ஓர் ஊளை, பின் மிதியை மிதித்தால் இன்னோர் ஊளை. என்ஜின் ஓடியது, பிளேடு சுற்றியது, சக்கரம் மட்டும் உருளவில்லை. அவர் இறங்கிப் பின்பக்கம் குனிந்து பார்த்தார். கம்பி உள்ளேயேதான் இருந்தது.

டீலரின் மெக்கானிக் மூன்று நாள் கழித்து வந்தார். வந்து பார்த்ததற்கு நாலாயிரத்து ஐநூறு வாங்கிக்கொண்டார். கியர் பாக்ஸ் என்று நாங்கள் சொல்கிற பெட்டிக்குள் கியரே கிடையாதாம். என்ஜின் ஒரு பம்பைச் சுற்றுகிறது, பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது, ஆயில் சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தப் பம்ப் உள்ளே கெட்டுப்போய்விட்டது, முழு யூனிட்டையும் மாற்றத்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற கட்டத்தில் 'தவறாக இழுக்கப்பட்டதால்' என்று எழுதியிருந்தார்.

சாரங்கபாணி சார் எஸ்டிமேட்டைவிட அந்த ஒரு வரியைத்தான் அதிக நேரம் பார்த்தார். "இழுத்ததாலேன்னு போட்டிருக்கானே, ஜனார்தன். தாளாளர் யாரு இழுத்தான்னு கேப்பாரே."

நாங்கள் இரண்டு பேருமே கயிற்றைப் பிடித்தவர்கள்தான்.

"இவ்வளவு பணம் யாரு தருவா? பழைய இரும்புக்குப் போட்டுடலாம். ஒரு கான்ட்ராக்ட் ஆளை வெச்சுப் புல்லை வெட்டிக்கலாம். அவளைப் பழையபடி பெருக்க அனுப்புங்கோ."

அடுத்த திங்கட்கிழமை அனுசுயா நூலகத்துக்குப் பின்னால் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவரே ஆபீஸுக்கு வந்தார். கம்பியைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன். அவர் வேறொன்று கேட்டார்.

"சார், புதுசுதான் போடணுமா? அதையே ரிப்பேர் பண்ண முடியாதா?"

"முடியாதுன்னு கம்பெனிக்காரன் எழுதியே குடுத்துட்டானேம்மா."

"அவங்க விக்கிறவங்க சார். அப்படித்தான் சொல்லுவாங்க. வேலை பாக்கறவங்க யாரையாச்சும் நான் கேட்டுட்டு வரட்டுமா? அரை நாள் லீவு போட்டுக்கறேன்."

வண்டிக்கு அடியில் படுத்துப் போனில் எட்டு போட்டோ எடுத்துக்கொண்டார். இரண்டு பஸ் மாறி அரியமங்கலம் போய், ஒவ்வொரு பட்டறையாக ஏறி இறங்கினார். மொத்தம் பதினோரு பட்டறை. எட்டில் சிரித்தார்கள். இரண்டில், கொண்டு வாங்க பார்க்கலாம் என்றார்கள். ஒன்றில், சவரிராயன் என்கிறவர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன நம்பர் ஆயில் ஊத்துறீங்க?" என்று கேட்டார். அனுசுயா நம்பரைச் சொன்னார். எப்போது கடைசியாக மாற்றியது என்றும் சொன்னார். "அந்த ஒரு ஆளுதான் சார் வண்டியப் பத்திக் கேட்டாரு. மத்தவங்கல்லாம் என்னப் பத்தித்தான் கேட்டாங்க" என்றார் என்னிடம்.

வண்டி கேம்பஸை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் ஆபீஸ் ஆள் ஒருவர் கூடவே போக வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியதும் நான்தான். ஒரு சனிக்கிழமை டெம்போவில் வண்டியை ஏற்றி, முன்னால் டிரைவர் பக்கத்தில் நான் உட்கார, பின்னால் வண்டியோடு அனுசுயா நின்றுகொண்டு வந்தார். முன்னால் இடம் இருக்கிறது, வாங்க என்றேன். வண்டி ஆடும் சார், பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

சவரிராயன் ஐம்பது வயது மனிதர். ஜேசிபிக்கும் அறுவடை மிஷினுக்கும் ஹைட்ராலிக் பம்ப் பார்க்கிறவர். இரண்டு மணி நேரத்தில் யூனிட்டை இறக்கிப் பிரித்து, உள்ளே இருந்தவற்றைத் துணி விரித்துப் பரப்பிவிட்டார். பித்தளை நிறத்தில் ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் முகம் முழுக்க வளையம் வளையமாகக் கீறல்.

"இது தேஞ்சு போனது இல்ல. ஓட்டினவங்க நல்லாத்தான் ஓட்டியிருக்காங்க, ஆயில் சுத்தமா இருந்திருக்கு. பைபாஸ் கம்பிய எடுத்து விடாம யாரோ கட்டி இழுத்திருக்காங்க." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "யாரு சார் இழுத்தது?"

"ஆயுத பூஜைக்கு இழுத்தோம்" என்றேன்.

"எத்தனை பேரு?"

"இருபத்து மூணு பேர்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இருபத்து மூன்று பேர் இருந்தும் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லையா என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. அவர் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த அனுசுயா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை.

சவரிராயன் தேதிக் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். சீல் கிட்டும் ஒரு பிஸ்டன் செட்டும் ராஜ்கோட்டிலிருந்து வரவழைக்கப் பதினாலாயிரம். கீறல் விழுந்த தட்டுகளை லேப்பிங் அடித்துச் சமப்படுத்த ஆறாயிரம். ஆயில், ஃபில்டர் மூவாயிரத்து ஐநூறு. கழற்றி மாட்டக் கூலி எட்டாயிரம். ஆக முப்பத்தோராயிரத்து ஐநூறு. "ஆறு மாசம் கேரண்டி. திரும்ப யாரும் இழுக்காம இருந்தா" என்றார்.

கல்லூரியில் எந்த வேலைக்கும் மூன்று கொட்டேஷன் வேண்டும். இதைச் சொன்னதும் சவரிராயன் மேஜை டிராயரைத் திறந்தார். தன்னுடைய லெட்டர்பேடில் முப்பத்தோராயிரத்து ஐநூறு எழுதினார். மச்சான் பட்டறை லெட்டர்பேடில் முப்பத்தாறாயிரம் எழுதினார். எதிர்க்கடை லெட்டர்பேடும் அவரிடமே இருந்தது, அதில் முப்பத்தொன்பதாயிரம். மூன்றிலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. ஆடிட்டர் மூன்று இருக்கிறதா என்று எண்ணுவார், அதற்கு மேல் ஆராய மாட்டார். எதிர்க்கடையிலும் இவருடைய லெட்டர்பேடு இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மைதானத்தில் புல் முழங்கால் உயரம். டிசம்பரில் கல்லூரிகளுக்கிடையிலான கிரிக்கெட் போட்டி எங்கள் மைதானத்தில் நடப்பதாக அழைப்பிதழ்கூட அடித்தாயிற்று. கான்ட்ராக்ட் ஆள் வந்து பார்த்துவிட்டு, டிசம்பர் வரைக்கும் மட்டும் நாற்பத்திரண்டாயிரம் கேட்டார். சாரங்கபாணி சார் அதையும் கொட்டேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ரிப்பேருக்குச் சம்மதித்தார். ஆனால் தாளாளருக்குப் போகும் குறிப்பில் காரணம் எழுத வேண்டுமே. அதை அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 'இயக்குபவரின் கவனக்குறைவால் பழுது ஏற்பட்டுள்ளது. செலவில் பாதியை அவர் சம்பளத்தில் மாதம் ஆயிரத்து ஐநூறு வீதம் பிடித்தம் செய்யலாம்.' பாதி என்றால் பதினைந்தாயிரத்து எழுநூற்றைம்பது. ஒன்பதாயிரத்து அறுநூறு வாங்குகிறவருக்கு.

அனுசுயாவைக் கூப்பிட்டு, கவனக்குறைவு என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்று சாரங்கபாணி சார் சொன்னார். என் மேஜைக்கு எதிரிலேயே இது நடந்தது.

அனுசுயா கேட்டது இரண்டே கேள்விதான். "போட்டா வண்டி ஓடுமா சார்?"

"ஓடும்."

"நான்தான் ஓட்டுவேனா?"

"வேற யாரு ஓட்டப் போறா?"

"அப்ப போட்டுடறேன் சார்."

நான் குறிப்பை டைப் அடிக்க வேண்டும் என்று சொல்லி, கையெழுத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தேன். அந்தம்மா முன்கூட்டியே சொன்னாங்க சார், நான்தான் மறந்துட்டேன் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஒன்றரை வருஷத்தில் ரிட்டையர் ஆகப் போகிறவன் அந்த வாக்கியத்தை எளிதாகச் சொல்லிவிடலாம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். என்னால் முடியவில்லை. எனக்குத் தைரியம் கிடையாது, கோப்பு மட்டும்தான் தெரியும்.

கோப்பை மறுபடி படித்துப் பார்த்தேன். இயக்குபவர் என்ற சொல்லில் போய்க் கண் நின்றது. இதுவரை கல்லூரியின் எந்தக் காகிதத்திலும் அனுசுயாவை யாரும் அப்படி எழுதியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர் உத்திர வீதிக் காய்கறிக் கடையில் சாரங்கபாணி சாரைப் பிடித்தேன். கையில் வாழைத்தண்டோடு நின்றிருந்தார். ஆபீஸில் சொன்னால் விறைத்துக்கொள்வார், காய்கறிக் கடையில் சாது.

"சார், அந்தக் குறிப்புல ஒரு சின்ன அப்ஜெக்‌ஷன் வர்றது."

"என்ன அப்ஜெக்‌ஷன்?"

"இயக்குபவர்னு எழுதியிருக்கோம். ஆனா ரிகார்டுல அந்தம்மா ஸ்வீப்பர். ஸ்வீப்பரை அத்தனை விலை வண்டியை ஓட்ட விட்டது யாருன்னு ஆடிட்ல கேப்பா."

"யாரு விட்டது?"

"ஆர்டர்னு எதுவும் இல்லை சார். ஆனா ஆறு வருஷ அலவன்ஸ் வவுச்சர்லயும் உங்க கையெழுத்து இருக்கு."

சார் வாழைத்தண்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "அப்ப கவனக்குறைவே நம்ம தலைல வந்து விடியுமா?"

"இயக்குபவர்னு ஒரு பதவி போட்டு, அந்தம்மாவை அதுல நியமிச்சுட்டா ஒரு பிரச்சினையும் இல்லை. அப்புறம் கவனக்குறைவுன்னு தாராளமா எழுதலாம். பிடித்தமும் பண்ணலாம்."

"எந்தத் தேதியிலேர்ந்து?"

"ஆயுத பூஜைக்கு முதல் நாள்லேர்ந்து சார். அப்பதான் சரியா உக்காரும்."

"சம்பளம்?"

"டிரைவர் கிரேடு. பதிமூவாயிரத்து எண்ணூறு."

தாளாளர் முகம் சார் மனசில் வந்து போயிருக்க வேண்டும். "சரி, ஆர்டர் அடிச்சுண்டு வாங்கோ" என்றார். அந்த இடத்திலேயே நான் மிச்சத்தையும் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. கத்திரிக்காய் என்ன விலை என்று கடைக்காரரைக் கேட்டுவிட்டு, அரை கிலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை அனுசுயா முன்னால் இரண்டு காகிதம் வைத்தேன். ஒன்று நியமன ஆணை, மற்றது கவனக்குறைவு ஒப்புதல். இரண்டையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் உதடு அசையப் படித்தார். நியமன ஆணையை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

"மொதல்ல எதுல சார் போடணும்?"

"இதுல" என்று ஆணையைக் காட்டினேன். "அது இருந்தாத்தான் இது செல்லும்."

போட்டார். எங்கள் கல்லூரியில் குற்றம் சாட்டுவதற்காகப் பதவி உயர்வு கொடுக்கப்பட்ட முதல் ஆள் அவர்தான்.

பத்து நாளில் சவரிராயன் யூனிட்டை மாட்டிக் கொடுத்தார். வண்டி திரும்பி வந்த அன்று, மழை விட்டு வெயில் அடித்த நேரமாகப் பார்த்து அனுசுயா மைதானத்தில் இறங்கினார். ஈரப் புல் என்பதால் ஒரே மூச்சில் வெட்டாமல், பிளேடை உயர்த்தி ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை என்று போனார். மூன்று நாளில் மைதானம் மைதானமாகிவிட்டது. கிரிக்கெட் போட்டி நடந்தது. தாளாளர் வந்து புல்லைப் பார்த்துவிட்டு சாரங்கபாணி சாரைப் பாராட்டினார்.

முதல் பிடித்தம் போட்டுச் சம்பளப் பட்டியல் தயாரித்த அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மத்தியானம் மைதானத்துக்கு நடந்தேன். அனுசுயா தூரத்திலிருந்தே என்னைப் பார்த்து வண்டியைக் கிட்டே கொண்டுவந்து நிறுத்தி, என்ஜினை அணைத்தார். இறங்கவில்லை. அவர் மேலே உட்கார்ந்திருக்க, நான் கீழே நின்றேன்.

"அனுசுயா, அன்னிக்கு நீ கம்பியப் பத்தி எங்கிட்ட சொன்னே. நான்தான் மறந்துட்டேன். இதுவரைக்கும் சாரங்கபாணி சார் கிட்ட அதைச் சொல்லவும் இல்ல."

"தெரியும் சார்."

"நீ ஏம்மா சொல்லல?"

"நான் சொன்னா, யாருகிட்ட சொன்னேன்னு கேப்பாங்க. சாட்சிக்கு உங்களத்தான சார் கூப்பிடணும்?"

நான் வரமாட்டேன் என்று, கம்பி உள்ளேயே இருந்ததைப் பார்த்த அன்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரிய இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. கண் கலங்கிவிட்டது, கர்ச்சீப்பை எடுத்து வேர்வையைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டேன்.

"மாசம் ஆயிரத்து ஐநூறு பிடிக்கறாங்க இல்ல? அதுல பாதிய நான் குடுத்துடறேன்ம்மா" என்றேன். வேண்டாம் சார், இருக்கட்டும் சார் என்பார், நான் வற்புறுத்த வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்து, அதற்கான வார்த்தைகளையும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தேன்.

அனுசுயா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். கோபம் எதுவும் முகத்தில் இல்லை.

"அன்னிக்கு நான் உங்ககிட்ட முழுசாத்தான சார் சொன்னேன்" என்றார். சொல்லிவிட்டு, சாவியைத் திருப்பி, புல் வெட்டப் போய்விட்டார்.

முழுத் தவணையையும் நான்தான் கொடுக்கிறேன். சம்பளம் வந்த அன்றே கவரில் போட்டு மைதானத்துக்குக் கொண்டுபோய்த் தருகிறேன். அவர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்கிறார். நாலு தவணை ஆயிற்று, இன்னும் ஆறு தவணையும் எழுநூற்றைம்பது ரூபாயும் பாக்கி இருக்கிறது.